ஹார்ட் டிஸ்க்கின் மேல் 10 நானோமீட்டர்: இரும்பு-பிளாட்டினம் படலத்தை எப்படி வளர்க்கிறார்கள், எப்படிச் சோதிக்கிறார்கள்?

இது ஒலி வடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டு, திருத்தப்பட்டுள்ளன.

போன எபிசோட்ல எஸ்எஸ்டி பத்திப் பேசினோம். அதுக்கு வந்த மெயில்கள்ல ஒரு கேள்வி திரும்பத் திரும்ப இருந்துச்சு: "ஹார்ட் டிஸ்க் எல்லாம் இன்னும் யாராவது வாங்குறாங்களா?" லேப்டாப்புக்கு வாங்குறது குறைஞ்சு போச்சு, அது உண்மைதான். ஆனா நீங்க கிளவுட்ல போட்டு வைக்குற போட்டோ, வீடியோ, பேக்கப் இதுல பெரும்பகுதி ஏதோ ஒரு டேட்டா சென்டர்ல சுத்திக்கிட்டு இருக்குற ஹார்ட் டிஸ்க்லதான் இருக்கு.

2024 ஜனவரியில சீகேட் நிறுவனம் 30 டெராபைட்டுக்கு மேல கொள்ளுற டிரைவ் வரிசையை அறிவிச்சாங்க. உள்ள இருக்குற ஒவ்வொரு தட்டுலயும் 3 டெராபைட்டுக்கு மேல. அந்தத் தட்டு மேல இருக்குற காந்தப் படலம் இரும்பும் பிளாட்டினமும் சேர்ந்த ஒரு உலோகக் கலவை. தடிமன் சுமார் 10 நானோமீட்டர்.

நான் சாஃப்ட்வேர் எழுதுறவன். ஃபைலை சேவ் பண்ணச் சொல்லிக் கோட் எழுதினா, "எழுதியாச்சு"ன்னு பதில் வரும். நாம அதை அப்படியே நம்புறோம். அந்த நம்பிக்கை படிப்படியா இறங்கிக் கடைசியில நிக்குற இடம் இந்தப் படலம்தான். அதனால இன்னைக்கு இதை எப்படி வளர்க்குறாங்க, வளர்த்தது சரியா வந்திருக்கான்னு எப்படிப் பார்க்குறாங்கன்னு பேசப் போறோம்.

முன்னாடியே ஒரு விஷயம் சொல்லிடுறேன். இந்தக் கதையில எந்த அணுவைப் போட்டோம்ங்கிறது பாதி விஷயம்தான். அந்த அணுக்கள் எப்படி அடுக்கி உட்கார்ந்திருக்குங்கிறதுதான் மீதிப் பாதி. அந்த அடுக்கு கண்ணுக்குத் தெரியாது. அதைக் கருவிகளைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். ஒவ்வொரு கருவியும் ஒரு விதத்துல நம்மளை ஏமாத்தும்.

ஞாபக மறதி வர்ற காந்தம்

1956-ல ஐபிஎம் வெளியிட்ட ரமாக் இயந்திரம்தான் முதல் ஹார்ட் டிஸ்க் டிரைவ் உள்ள கம்ப்யூட்டர். 24 அங்குல விட்டத்துல 50 தட்டுகள், மொத்தக் கொள்ளளவு சுமார் 5 மெகாபைட். அன்னைக்குத் தட்டு மேல இருந்தது இரும்பு ஆக்ஸைடு கலந்த ஒரு பெயின்ட். சுத்துற தட்டு மேல ஊத்திப் பரவ விட்டாங்க.

இன்னைக்கு இருக்குறது பெயின்ட் இல்லை, உலோகப் படலம். அந்தப் படலமும் ஒரே துண்டா இருக்காது. குட்டிக் குட்டிக் குருணைகளா இருக்கும். ஆங்கிலத்துல கிரெய்ன்னு சொல்றதைத்தான் குருணைன்னு சொல்றேன். உடைஞ்ச அரிசியைப் பக்கத்துப் பக்கத்துல பரப்பி வெச்ச மாதிரி. ஒவ்வொரு குருணையும் ஒரு குட்டிக் காந்தம். சில குருணைகள் சேர்ந்து ஒரு பிட். காந்தம் மேல பார்த்திருந்தா ஒண்ணு, கீழ பார்த்திருந்தா சைபர்னு தோராயமா வெச்சுக்கலாம்.

அதிக டேட்டா வேணும்னா குருணையைச் சின்னதாக்கணும். அங்கதான் சிக்கல். வெப்பம்னாலே அணுக்களோட ஆட்டம். அந்த ஆட்டத்துல ஒரு குருணையோட காந்தத் திசை தானாவே புரண்டு போகலாம். புரளாம தடுக்குறது ஒரு ஆற்றல் தடை. அந்தத் தடை எவ்வளவு பெருசுன்னா, காந்தப் பொருளோட பிடிவாதத்தைக் குருணையோட கன அளவால பெருக்கணும். பிடிவாதம்னு நான் சொல்றதுக்கு இயற்பியல்ல அனைசோட்ரபின்னு பேரு. ஒரு காந்தம் தனக்குப் பிடிச்ச திசையை விட்டு மாற எவ்வளவு முரண்டு பிடிக்கும்ங்கிற அளவு அது.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. ஒரு குருணை நொடிக்கு நூறு கோடி தடவை புரள முயற்சி பண்ணுதுன்னு வெச்சுக்குவோம். தோராயமா அந்த அளவுதான். ஆற்றல் தடை வெப்ப ஆற்றலைப் போல 60 மடங்கு இருந்தா, அது புரளச் சராசரியா சுமார் 360 கோடி வருஷம் ஆகும். 40 மடங்கா இருந்தா சுமார் ஏழரை வருஷம். 25 மடங்கா இருந்தா? 72 நொடி.

60-க்கும் 25-க்கும் நடுவுல எவ்வளவு தூரம் தெரியுமா? குருணையோட நீளம், அகலம், உயரம் மூணையும் கால் பங்கு குறைச்சா போதும். 360 கோடி வருஷம் ஞாபகம் வெச்சிருந்த காந்தம் ஒரு நிமிஷத்துல மறந்துடும். படிப்படியா மோசமாகுற விஷயம் இல்லை இது, பாறை விளிம்புல இருந்து விழுற மாதிரி. குருணைகள் எல்லாம் ஒரே அளவுல வராதுங்கிறதாலதான் 60 மடங்கைப் பாதுகாப்பான எல்லையா வெச்சுக்குறாங்க.

கன அளவைக் குறைச்சே ஆகணும்னா, பிடிவாதத்தைக் கூட்டணும். முன்னாடி இருந்து பயன்படுற கோபால்ட்-குரோமியம்-பிளாட்டினம் கலவைகளைவிட, சரியா அடுக்கப்பட்ட இரும்பு-பிளாட்டினத்துக்குப் பிடிவாதம் பத்து மடங்குக்கும் மேல. ஒரு கன மீட்டருக்குச் சுமார் 70 லட்சம் ஜூல். இந்த எண்ணைப் போட்டுக் கணக்குப் பார்த்தா, 3 நானோமீட்டரைக் கொஞ்சம் தாண்டுன ஒரு குருணைகூட 60 மடங்குத் தடையைக் கொடுக்கும்.

"சரியா அடுக்கப்பட்ட"ன்னு சொன்னேன் பாருங்க, அந்த ரெண்டு வார்த்தையிலதான் எல்லாமே இருக்கு.

ஒரே அணுக்கள், ரெண்டு காந்தங்கள்

இரும்பையும் பிளாட்டினத்தையும் பாதிக்குப் பாதி கலந்து, சூடு எதுவும் இல்லாம ஒரு படலமாப் படிய வெச்சா என்ன ஆகும்? அணுக்கள் வரிசையாத்தான் உட்காரும், ஆனா எந்த இடத்துல இரும்பு, எந்த இடத்துல பிளாட்டினம்னு ஒழுங்கு இருக்காது. இப்படிக் கலைஞ்சு கிடக்குற படலம் காந்தம்தான், ஆனா பிடிவாதமே இல்லாத மென்மையான காந்தம். டேட்டா வெச்சிருக்க லாயக்கில்லை.

அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, ஆனா ஒரு தளம் முழுக்க இரும்பு, அடுத்த தளம் முழுக்க பிளாட்டினம், திரும்ப இரும்புன்னு அடுக்கா அமைஞ்சா, உலகத்துல இருக்குற ரொம்பக் கடினமான காந்தங்கள்ல ஒண்ணா ஆயிடுது. இந்த அடுக்குக்கு எல்-ஒன்-சீரோ அமைப்புன்னு பேரு.

ஏன் இப்படி? இரும்பு அணுதான் காந்தத்தன்மையில பெரும் பங்கைக் கொடுக்குது. பிளாட்டினம் கனமான அணு. அதுல எலக்ட்ரானோட சுழற்சிக்கும் அது சுத்துற பாதைக்கும் நடுவுல இருக்குற பிணைப்பு ரொம்ப வலுவானது. அந்தப் பிணைப்பு வழியாத்தான் காந்தத் திசை படிகத்தோட அடுக்கைப் பிடிச்சுக்குது. கலைஞ்சு கிடக்குற நிலையில படிகம் கனசதுரம். மூணு திசையும் ஒண்ணுபோல இருக்கு, எதைப் பிடிச்சுக்கிட்டா என்ன? அடுக்கா மாறும்போது ஒரு திசை மட்டும் தனியா நிக்குது. அந்தப் பக்கம் படிகம் கொஞ்சம் நசுங்கவும் செய்யுது. மத்த ரெண்டு பக்கமும் 0.385 நானோமீட்டர், அடுக்குத் திசையில 0.371. காந்தம் அந்தத் தனித் திசையை இறுக்கிப் பிடிச்சுக்கும்.

அந்தத் திசை தட்டுக்குச் செங்குத்தா நிக்கணும்ங்கிறது அடுத்த நிபந்தனை. படுத்துக்கிட்டிருந்தா பிரயோஜனம் இல்லை.

வெற்றிடத்துக்குள்ள ஒரு கேரம் ஆட்டம்

இந்தப் படலத்தை வளர்க்க அதிகமாப் பயன்படுற முறை ஸ்பட்டரிங். இந்த நிகழ்வை 1852-லயே வில்லியம் குரோவ் கவனிச்சு எழுதியிருக்கார். புரிஞ்சுக்க கேரம் போர்டு போதும். ஆர்கான் வாயுவோட அயனிதான் ஸ்ட்ரைக்கர். டார்கெட்னு சொல்ற உலோக வில்லை மேல அது வேகமா மோதும். மோதின வேகத்துல உலோக அணுக்கள் காயின் மாதிரி சிதறிப் பறக்கும். எதிர்ல வெச்சிருக்குற தட்டு மேல போய் ஒட்டும். இதைத் தொடர்ந்து பண்ணினா படலம் வளரும்.

வேகம் எவ்வளவு? ஆய்வகத்துல நொடிக்கு 0.1 நானோமீட்டர்ங்கிறது சாதாரணமா இருக்குற வேகம். உங்க விரல் நகம் நொடிக்கு ஏறக்குறைய 1 நானோமீட்டர் வளருது. அதாவது நகம் வளர்ற வேகத்துல பத்துல ஒரு பங்குதான். அப்படியும் 10 நானோமீட்டருக்கு 100 நொடி போதும், ஏன்னா வளர்க்க வேண்டியதே அவ்வளவுதான்.

இதுக்கு முதல்ல நல்ல வெற்றிடம் வேணும். இதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. அழுத்தம் ஒரு டாரோட பத்து லட்சத்துல ஒரு பங்குன்னு வெச்சுக்கோங்க. நம்ம சுத்தி இருக்குற காற்று 760 டார். அவ்வளவு குறைவான அழுத்தத்துல மிச்சம் இருக்குற வாயுவே தட்டு மேல ஒரு நொடியில ஒரு அணு தடிமனுக்குப் படிஞ்சுடும். ஒரு அணு தடிமன் உலோகம் வளர நமக்கு ரெண்டு நொடி ஆகுற இடத்துல, இது தாங்காது. இரும்பு ஆக்ஸிஜனைக் கண்டா விடாதுங்கிறது எல்லாருக்கும் தெரியும். அதனால அழுத்தத்தை இன்னும் ஆயிரம் மடங்கு குறைச்சு, அந்த ஒரு நொடியைக் கால் மணி நேரத்துக்கு மேல இழுத்துடுறாங்க. அதுக்கப்புறம்தான் சுத்தமான ஆர்கானை அளவா உள்ள விடுவாங்க.

பொதுவா டார்கெட்டுக்குப் பின்னாடி காந்தங்கள் வெச்சிருப்பாங்க. அது எலக்ட்ரான்களை டார்கெட் பக்கத்துலயே சுத்த வெச்சு, நிறைய ஆர்கான் அயனிகளை உருவாக்கும். ஆனா டார்கெட்டே இரும்பா இருந்தா? காந்தப் புலத்தை அதுவே உறிஞ்சிக்கும், முன்பக்கம் போதுமான புலம் வராது. அதனால இரும்பு டார்கெட்டை மெல்லிசா வெட்டிப் போடுவாங்க. இந்த மாதிரி நடைமுறை விஷயங்கள்தான் இந்த வேலையில பாதி நேரத்தை எடுக்கும்.

அப்புறம் எதுக்கு மேல வளர்க்குறோம்ங்கிறது. மெக்னீசியம் ஆக்ஸைடு படிகம் இதுக்குப் பேர்போன அடித்தளம். அதோட அணு இடைவெளி 0.421 நானோமீட்டர், நம்ம கலவையோட 0.385-ஐவிடப் பெருசு. அது மேல வளரும்போது படலம் பக்கவாட்டுல இழுபடுது. பக்கவாட்டுல இழுபட்டா செங்குத்தா நசுங்கத்தானே செய்யும்? நமக்கு வேண்டிய நசுங்குற திசை தானாவே நிமிர்ந்து நிக்க இது உதவுது.

சூடு: கொஞ்சமும் கூடாது, அதிகமும் கூடாது

அணுக்கள் தங்களோட இடத்தைத் தேடிப் போகணும்னா அசையணும். அசையச் சூடு வேணும். படியில அரிசி அளக்கும்போது ரெண்டு தட்டுத் தட்டினா அடங்கி உட்காருமே, அந்தத் தட்டைக் கொடுக்குறது இங்க சூடுதான். அடித்தளத்தை 500, 600 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடாக்கி வளர்ப்பாங்க. இல்லைன்னா வளர்த்த பிறகு சூடாக்குவாங்க.

சூட்டைக் கூட்டிக்கிட்டே போனா அடுக்கு நல்லா வரும், ஆனா குருணைகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பெருசாகும். 6 நானோமீட்டர்ல இருக்க வேண்டியது கட்டி தட்டி 30, 40-க்குப் போயிடும். காந்தம் கடினமா இருக்கும், ஆனா டேட்டா அடர்த்தி போச்சு. அடுக்கு வேணும்னா சூடு வேணும், சின்னக் குருணை வேணும்னா சூடு ஆகாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சமரசம்.

அதுக்கு ஒரு வழி, கூடவே கார்பனைச் சேர்த்துப் படிய வைக்குறது. கார்பன் இரும்பு-பிளாட்டினத்தோட கலக்காது, ஒதுங்கிப் போய்க் குருணைகளுக்கு நடுவுல சுவர் மாதிரி நிக்கும். சேமியா ஒட்டாம இருக்க நெய்யில வறுத்துட்டுப் போடுவோமே, கிட்டத்தட்ட அந்த வேலை. இன்னொரு வழி, வெள்ளியோ தாமிரமோ கொஞ்சம் சேர்த்து, அடுக்கு அமையத் தேவைப்படுற சூட்டைக் குறைக்குறது.

உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?

இப்போ படலம் ரெடி. மெஷின்ல இருந்து எடுத்தாச்சு. பார்க்கப் பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்கும். நல்ல படலமும் சரி, உதவாத படலமும் சரி, கண்ணுக்கு ஒரே மாதிரிதான். இங்கிருந்துதான் விசாரணை ஆரம்பம்.

முதல் கேள்வி, தடிமன். எக்ஸ்-ரேயை ரொம்பச் சாய்வான கோணத்துல அனுப்புவாங்க. படலத்தோட மேல் பரப்புல பட்டுத் திரும்புற கதிரும், கீழ் பரப்புல பட்டுத் திரும்புற கதிரும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தும் கழிஞ்சும் அலை அலையா ஒரு வரைபடம் வரும். அலைகள் நெருக்கமா இருந்தா படலம் தடிமன், விலகி இருந்தா மெல்லிசு. எண்ணைத் தேர்ந்து சொல்லிடலாம்.

ரெண்டாவது, கலவை விகிதம். எலக்ட்ரான் கதிரால தாக்கி, அணுக்கள் வெளியிடுற எக்ஸ்-ரேயோட ஆற்றலைப் பார்ப்பாங்க. இரும்புக்கு ஒரு கையெழுத்து, பிளாட்டினத்துக்கு இன்னொண்ணு. ஹீலியம் அயனிகளை அனுப்பி, அது எவ்வளவு ஆற்றலோட திரும்பி வருதுன்னு பார்த்தும் கண்டுபிடிக்கலாம். 50-50 விகிதத்துல இருந்து ரொம்ப விலகினா இரும்போ பிளாட்டினமோ மூணு பங்கா இருக்குற வேற சேர்மங்கள் உருவாகும். அதோட காந்தக் குணமே வேற.

மூணாவதுதான் முக்கியம்: அடுக்கு இருக்கா இல்லையா? இதைக் கோலப் புள்ளியை வெச்சு சொல்றேன். சிவப்புப் புள்ளியும் வெள்ளைப் புள்ளியும் கலந்து கட்டி வரிசை வரிசையா வெச்சிருக்கீங்க. தூரத்துல இருந்து பார்த்தா எல்லா வரிசையும் ஒண்ணுபோலத்தான் தெரியும், ஒரு வரிசைக்கு ஒரு தடவை அதே காட்சி திரும்ப வருது. இப்போ அதே புள்ளிகளை ஒரு வரிசை முழுக்க சிவப்பு, அடுத்த வரிசை முழுக்க வெள்ளைன்னு மாத்தி வைங்க. இனிமே ரெண்டு வரிசைக்கு ஒரு தடவைதான் அதே காட்சி. திரும்ப வர்ற தூரம் ரெட்டிப்பாயிடுச்சு.

எக்ஸ்-ரே விளிம்பு விளைவு இந்தத் திரும்ப வர்ற தூரத்தைத்தான் அளக்குது. தாமிரக் குழாய்ல இருந்து வர்ற வழக்கமான எக்ஸ்-ரேயை வெச்சுப் பார்த்தா, செங்குத்தா நிக்குற படிகத்துக்கு 49 டிகிரிக்குப் பக்கத்துல ஒரு சிகரம் வரும். அது கலைஞ்ச படலத்துலயும் ஏறக்குறைய அதே இடத்துல இருக்கும். ஆனா 24 டிகிரிக்குப் பக்கத்துல வர்ற சிகரம் அடுக்கு இருந்தா மட்டும்தான் வரும். ரெட்டிப்பான தூரத்தோட முத்திரை அது. ரெண்டு சிகரத்தோட பலத்தையும் ஒப்பிட்டு, அடுக்கு எத்தனை சதவீதம் அமைஞ்சிருக்குன்னு கணக்குப் போடுவாங்க.

இதுலயும் ஒரு பொறி இருக்கு. 24 டிகிரி சிகரம் வரலைன்னா அடுக்கே இல்லைன்னு அர்த்தமா? இல்லை. வழக்கமான அளவீட்டு முறை தட்டுக்கு இணையா இருக்குற தளங்களை மட்டும்தான் பார்க்கும். குருணைகள் அடுக்காவே இருந்தும் சாய்ஞ்சு படுத்திருந்தா, அந்தச் சிகரம் காணாமப் போயிடும். 41 டிகிரிக்குப் பக்கத்துல வர்ற சிகரம் ஓங்கி நின்னா, குருணைகள் சாய்ஞ்சிருக்குன்னு சந்தேகப்படணும். ஆனா அந்தச் சிகரம் அடுக்கு இருந்தாலும் வரும், இல்லைன்னாலும் வரும். அடுக்கைப் பத்தி அது எதுவும் சொல்லாது.

காந்தத்தை அளக்கும்போது ஏமாறுற மூணு வழி

கடைசியா காந்தத்தன்மை. சைமன் ஃபோனர் 1950-கள்ல உருவாக்கின ஒரு கருவி இன்னைக்கும் பல ஆய்வகங்கள்ல இருக்கு. அதிர்வு மாதிரி காந்தமானின்னு சொல்லலாம். மாதிரியை ஒரு குச்சி நுனியில ஒட்டி, காந்தப் புலத்துக்குள்ள மேலும் கீழுமா அதிர வைப்பாங்க. காந்தம் அசைஞ்சா பக்கத்துல இருக்குற கம்பிச் சுருள்ல மின்னழுத்தம் வரும். டைனமோ தத்துவம்தான். புலத்தை ஒரு பக்கம் கூட்டி, குறைச்சு, எதிர்ப்பக்கம் கூட்டித் திரும்ப வந்தா ஒரு வளையம் மாதிரி வரைபடம் கிடைக்கும். ஹிஸ்டெரிசிஸ் வளையம். அகலமா இருந்தா கடினமான காந்தம், ஒல்லியா இருந்தா மென்மையான காந்தம்.

முதல் ஏமாற்றம், அடித்தளம். படலம் 10 நானோமீட்டர். கீழ இருக்குற மெக்னீசியம் ஆக்ஸைடு அரை மில்லிமீட்டர். அதாவது 50,000 மடங்கு தடிமன். அது காந்தம் இல்லை, புலத்துக்கு லேசா எதிர்ப்புக் காட்டும், அவ்வளவுதான். ஆனா 50,000 மடங்குங்கிறதால, 7 டெஸ்லா மாதிரி பெரிய புலத்துல அதோட எதிர் சிக்னல் படலத்தோட சிக்னலையே தாண்டிடும். அதைத் தனியா அளந்து கழிக்கணும். கழிக்குறதுல கொஞ்சம் பிசகினாலும் படலத்தோட வலிமை மாறித் தெரியும்.

ரெண்டாவது, அளக்குற காந்தமே பத்தாமப் போறது. நல்ல இரும்பு-பிளாட்டினம் படலத்தோட காந்தத் திசையைப் புரட்டச் சில டெஸ்லா வேணும். உங்க கருவியில 2 டெஸ்லாதான் இருக்குன்னா, கடினமான குருணைகள் அசையவே அசையாது. மென்மையான மிச்சம் மட்டும் அசைஞ்சு ஒரு சின்ன, அழகான வளையம் கிடைக்கும். பார்த்தா முழுசாத் தெரியும். அதை நம்பி "படலம் சுமார்தான்"னு முடிவு பண்ணினா, நல்ல படலத்தைத் தூக்கிக் குப்பையில போடுறோம்னு அர்த்தம்.

மூணாவது, அழுக்கு. 5 மில்லிமீட்டர் சதுரத்துல 10 நானோமீட்டர் படலம் இருக்குன்னு வைங்க. அதோட மொத்தக் காந்த அளவும், 50 மைக்ரோமீட்டரை ஒட்டின ஒரு இரும்புத் துணுக்கோட காந்த அளவும் கிட்டத்தட்ட ஒண்ணு. தலைமுடித் தடிமன்தான் அந்தத் துணுக்கு.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2004-ல ஹாஃப்னியம் ஆக்ஸைடு படலத்துல எதிர்பாராத காந்தத்தன்மை இருக்குன்னு நேச்சர் இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு. அந்தப் பொருள் காந்தமா இருக்கவே காரணம் இல்லை, அதனால பெரிய ஆர்வம் கிளம்புச்சு. 2005-ல ஐபிஎம் ஆய்வாளர்கள் சுத்தமான படலங்களை வளர்த்துப் பார்த்தாங்க, காந்தத்தன்மை எதுவும் இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இடுக்கியால பிடிச்ச மாதிரிகள்லதான் அதே மாதிரி சிக்னல் வந்துச்சு. அதுக்கப்புறம் பிளாஸ்டிக் அல்லது டைட்டானியம் இடுக்கிங்கிற எச்சரிக்கை இந்தத் துறையில அழுத்தமாச் சொல்லப்படுது.

ஒளியை வெச்சும் காந்தத்தை அளக்கலாம். காந்தப் பரப்புல பட்டுத் திரும்புற ஒளியோட முனைவுத் திசை லேசாத் திரும்பும்னு 1877-ல ஜான் கெர் கண்டுபிடிச்சார். இதுல அடித்தளத் தொல்லை குறைவு. ஒளி உலோகத்துக்குள்ள சில பத்து நானோமீட்டர்தான் போகும். ஆனா கோணம் எவ்வளவு திரும்புச்சுன்னு சொல்லுமே தவிர, காந்த அளவு எத்தனைன்னு நேரடியாச் சொல்லாது. அதனால ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்க. வளையத்தோட வடிவம் ரெண்டுலயும் ஒத்துப்போச்சுன்னா நிம்மதி. ஒத்துப்போகலைன்னா, அங்கதான் ஏதோ இருக்கு.

ஒரு எண்ணுக்கு இன்னொரு எண் தேவைப்படுறதையும் கவனிங்க. படலம் எவ்வளவு வலுவான காந்தம்னு சொல்ல, மொத்தக் காந்த அளவைக் கன அளவால வகுக்கணும். கன அளவு எக்ஸ்-ரே கொடுத்த தடிமன்ல இருந்து வருது. மேல் பரப்புல 1 நானோமீட்டர் இரும்பு துருப்பிடிச்சிருந்தா, 10-ல 1 போச்சு, உங்க விடையிலயும் 10 சதவீதம் பிசகும். அதனாலதான் வளர்த்து முடிச்ச கையோட, வெற்றிடத்தைத் திறக்குறதுக்கு முன்னாடியே மேல வேற ஒரு உலோகத்தை மூடி மாதிரி படிய வெச்சிடுறாங்க.

எழுதவே முடியாத காந்தத்துல எப்படி எழுதுறது?

சரி, புரட்டவே சில டெஸ்லா வேணும்னா, டிரைவ்ல எழுதுற ஹெட் அதை எப்படிப் புரட்டும்? அந்த ஹெட் இரும்பு-கோபால்ட் கலவை. அந்தக் கலவையோட காந்தச் செறிவு 2.4 டெஸ்லாதான். நடைமுறையில கிடைக்குற பொருட்கள்ல உச்சம் அது. மறக்காத காந்தம் கிடைச்சுடுச்சு, ஆனா அதுல எழுத முடியாது.

இதுக்கு விடைதான் வெப்பத்தோட உதவியால எழுதுறது. ஹேமர்னு சுருக்கமாச் சொல்லுவாங்க. ஹெட் நுனியில ஒரு குட்டி லேசர், தங்கத்தாலான ஒரு நுண் ஆன்டெனா வழியா சில பத்து நானோமீட்டர் அகலத்துக்கு மட்டும் படலத்தைச் சூடாக்கும். இரும்பு-பிளாட்டினத்தோட கியூரி வெப்பநிலை சுமார் 480 டிகிரி. அதுக்குப் பக்கத்துல போகும்போது பிடிவாதம் கரைஞ்சுடும், ஹெட் சொன்ன பக்கம் திரும்பும். சில நானோ நொடியில ஆறிடும், ஆறினதும் பிடிவாதம் திரும்ப வந்துடும். எழுதினது அப்படியே உறைஞ்சுடும்.

இப்போ முதல்ல சொன்ன அடுக்குக்குத் திரும்ப வாங்க. ஒரு குருணையில அடுக்கு சரியா அமையலைன்னா, அதோட பிடிவாதம் குறையும், கியூரி வெப்பநிலையும் மாறும். பக்கத்துக் குருணை சரியா எழுதப்படும், இது எழுதப்படாது. இல்லைன்னா எழுதினதைக் கொஞ்ச நாள்ல மறக்கும். டிரைவ்ல பிழை திருத்துற கணக்குமுறை இருக்கு, ஒண்ணு ரெண்டு குருணை போனா சமாளிச்சுக்கும். ஆனா அந்தக் கணக்குமுறைக்கும் ஒரு எல்லை உண்டு. பாஸ் ஆகாத குருணைகளோட பங்கை அந்த எல்லைக்குக் கீழ வெச்சிருக்குறதுதான் படலம் வளர்க்குறவங்களோட வேலை. சூட்டை 20 டிகிரி மாத்துறது, கார்பனை ஒரு சதவீதம் கூட்டுறதுன்னு அவங்க பண்ற ஒவ்வொரு மாற்றமும் கடைசியில இங்கதான் வந்து தெரியும்.

நாம எடுத்துக்கிட்டுப் போறது

"புதிய காந்தப் பொருள் கண்டுபிடிப்பு"ன்னு செய்தி அடிக்கடி வருது. அடுத்த தடவை அப்படி ஒண்ணு கண்ணுல பட்டா மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. அணு அடுக்கைத் தனியா ஒரு கருவியில பார்த்தாங்களா, இல்லை கலவை விகிதத்தை மட்டும் சொல்றாங்களா? காந்தத்தை முழுசாப் புரட்டுற அளவுக்குப் பெரிய புலத்துல அளந்தாங்களா? படலமே இல்லாத வெறும் அடித்தளத்தை, அதே இடுக்கியால பிடிச்சு, அதே கருவியில அளந்து காட்டினாங்களா? மூணுக்கும் பதில் இருந்தா தைரியமா மேல படிக்கலாம். மூணாவதுக்கு மட்டும் பதில் இல்லைன்னாலும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கோட் எழுதுறவங்களுக்கு இது பழக்கமான விஷயம்தான். ஒரே டெஸ்ட் பாஸ் ஆச்சுன்னு ரிலீஸ் பண்ண மாட்டோம். இங்க எக்ஸ்-ரே ஒரு டெஸ்ட், காந்தமானி ஒரு டெஸ்ட், ஒளி ஒரு டெஸ்ட். ஒவ்வொண்ணும் தனித்தனியா ஏமாத்தும், ஆனா மூணும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்றது ரொம்பக் கஷ்டம்.

அடுத்த எபிசோட்ல பிழை திருத்துற கணக்குமுறைகளைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். ஒரு டிரைவ் தான் படிச்சது தப்புன்னு தானே எப்படிக் கண்டுபிடிக்குதுங்கிற கதை அது. கேள்விகள் இருந்தா வழக்கம்போல மெயில் பண்ணுங்க.